சங்கத்துச் சந்தாவுக்கு என்ன கிடைக்கும்? மலையகத்துச் சின்னக் கொந்தராத்துக்காரர் கேள்வி

2025 பெப்ரவரி 8, ஹப்புத்தளையில் இருந்து ஒரு தம்பியின் கேள்வி

நாலு வருடமாகச் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறேன். தாங்குசுவர், கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்), படிக்கட்டு, இடைக்கிடை ஒரு வீடு. எங்கள் பகுதிக் கட்டட ஒப்பந்தக்காரர் சங்கத்தில் சேரச் சொல்லி மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களிடம் விசாரித்தால், வருடத்துக்கு ஒரு கலண்டர், ஒரு நாள் சாப்பாடு, மாதம் ஒரு செய்தி மடல், அவ்வளவுதான் என்கிறார்கள். மடலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. அந்தச் சந்தாக் காசுக்கு ஏழெட்டு மூடை சிமெந்து இறக்கலாம். உள்ளே இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். சேரலாமா?

பெப்ரவரி 9, இரவு 9.40

சேருங்கள் தம்பி.

நான் ஹட்டன் பக்கம். 19 வருடமாக எங்கள் பகுதிச் சங்கத்தில் இருக்கிறேன். ரொம்பக் காலம் எனக்கும் கலண்டர்தான். அதற்கு மேல் நான் கேட்டதும் இல்லை, கூட்டத்துக்குப் போனதும் இல்லை. சங்கம் என்றால் பெரிய கொந்தராத்துக்காரர்கள் கொழும்புக்குப் போய் மந்திரியோடு படம் எடுத்துக்கொள்கிற இடம் என்று நினைத்திருந்தேன்.

2022 தான் என்னை உள்ளே இழுத்தது. அந்த வருடம் ஜனவரியில் ஒரு தாங்குசுவரும் அதோடு சேர்ந்த கானும் எடுத்தேன். பத்து வாரத்து வேலை. விலை போடும்போது 50 கிலோ சிமெந்து மூடை 1,400 ரூபாவுக்குள் இருந்தது. மார்ச்சில் ரூபா சரிந்தது. ஏப்ரலில் மூடை 2,300ஐத் தாண்டிவிட்டது. கம்பியும் அப்படித்தான். டிப்பர்காரர் டீசலுக்கு இரண்டு நாள் வரிசையில் கிடந்தார். மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலைக்கு விலை ஏற்றத்தைச் சேர்த்துத் தரும் ஏற்பாடு ஒப்பந்தத்தில் இல்லை. நான் போட்ட விலை போட்டபடி நின்றது.

வேலையைப் பாதியில் போட்டால் பெயர் கெடும், கொந்தராத்துக்காரரைப் பதியும் அரசாங்க அதிகார சபையான சீடாவின் பதிவைப் புதுப்பிக்கும்போது அதுவும் வந்து நிற்கும். மனைவியின் நகை அடகுக்குப் போனது. சுவரை முடித்தேன், பில் போட்டேன். 14 மாதம் காசு வரவில்லை. அந்த 14 மாதமும் என்னோடு நின்றது சங்கம். காசை வாங்கித் தந்ததும் சங்கம்தான். அதனால்தான் சொல்கிறேன்.

பெப்ரவரி 10, காலை

நேற்று எழுதியதை பஸ்ஸில் திரும்ப வாசித்தேன். காசை வாங்கித் தந்தது சங்கம் என்று எழுதியது சரியில்லை. திறைசேரி விடுவித்ததால்தான் காசு வந்தது. நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்ற வருடம் அது, எந்தச் சங்கம் போய் நின்றாலும் இல்லாத காசு வராது.

நடந்தது இதுதான். வேலை கொடுத்த அரசாங்க ஒபிஸுக்கு நான் தனியாகப் போன நாட்களில் கவுண்டரிலேயே, "இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் பாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். சங்கத்தில் இருந்து பத்துப் பேர் ஒரே நாளில் போனோம். கதிரை போட்டார்கள். ஃபைல்களை எடுத்து மேசையில் அடுக்கினார்கள். பார்த்தால் என் பில் அந்த ஒபிஸை விட்டே வெளியில் போகவில்லை. அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது. ஏழு மாதமாக அந்தப் பக்கத்தில் ஒரு பச்சைக் கடதாசித் துண்டு செருகிக் கிடந்திருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் பக்கத்து அறையில் இருந்தார். கூப்பிட்டார்கள், வந்தார், போட்டார்.

பச்சைக் கடதாசியை நான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போதும் வீட்டில் இருக்கிறது.

பெப்ரவரி 10, இரவு

பதுளையில் இருந்து ஒருவர், பில்லில் பிடித்து வைக்கும் ரிடென்ஷன் காசை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார். வழக்கமான அரசாங்க வேலையில் ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் பிடிப்பார்கள், ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம் சேரும் வரைக்கும். வேலை முடிந்ததும் பாதி வரும். மீதிப் பாதி, குறை திருத்தும் காலம் முடிந்த பிறகு. அது பெரும்பாலும் 365 நாள். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருக்கலாம், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

365 நாள் முடிந்ததும் யாரும் போன் பண்ணிக் கூப்பிடமாட்டார்கள் என்பது முக்கியம். நாமே கடிதம் கொடுக்க வேண்டும். நான் ஒரு வேலையின் மீதிப் பாதியை மூன்று வருடம் மறந்தே போனேன். எங்கள் சங்க ஒபிஸில் இருக்கும் அக்கா ஒரு சிஆர் கொப்பியில் உறுப்பினர்களின் திகதிகளை எழுதி வைத்திருக்கிறார். நாள் வந்தால் கூப்பிடுவார். "தம்பி, அந்த மஸ்கெலியா வேலைக்கு நாளையோடு வருடம் ஆகுது, கடிதம் கொண்டாங்க." இந்த ஒரு போன் பல வருடச் சந்தாவுக்கு ஈடு. கொப்பியை ஆரம்பித்ததும் அக்காதான், யாரும் தீர்மானம் நிறைவேற்றிச் சொல்லவில்லை.

பெப்ரவரி 16

மொழி விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கேட்டதில் என்னைக் குத்தியது அதுதான்.

மஸ்கெலியாவில் நல்ல வேலைக்காரர் ஒருவர். கருங்கல் கட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு பாடசாலைக் கட்டடத் திருத்த வேலைக்கு டெண்டர் போட்டார். அவர் விலைதான் குறைவு. ஆனால் தள்ளிவிட்டார்கள். டெண்டர் 91 நாளைக்குச் செல்லும், அதற்குக் கொடுக்கும் பேங்க் பொண்ட் (வங்கி உத்தரவாதம்) 119 நாளைக்குச் செல்ல வேண்டும், அதாவது 28 நாள் கூட. இவர் இரண்டும் ஒன்று என்று நினைத்து 91 நாளைக்கே பொண்ட் எடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. மகள் ஏஎல் படிக்கிறாள், அவளிடம் கேட்டிருக்கிறார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், பொண்ட் என்றால் என்னவென்று தெரியாது.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனால் எங்கள் கைக்கு வரும் டெண்டர் பேப்பர் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அரசாங்கத்திடம் கேட்பதை நிறுத்தக்கூடாது. அதுவரைக்கும் நமக்கு நாமே வாசித்துக்கொள்ளலாமே என்று கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒலிவாங்கியைப் பிடித்தேன், கை நடுங்கியது. "சரி, நீங்களே நடத்துங்கள்" என்றார் தலைவர்.

அப்படி வந்ததுதான் எங்கள் சனிக்கிழமை வாசிப்பு. மாதத்தில் இரண்டு சனி, பின்னேரம் மூன்று மணி. ஓய்வு பெற்ற ஒரு அளவையாளர் (கட்டட வேலையின் அளவும் செலவும் கணக்குப் பார்ப்பவர்) வருவார், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். யாராவது ஒருவருடைய டெண்டர் பேப்பரை நடுவில் வைத்து முதல் பக்கத்தில் இருந்து வாசிப்போம். முதல் சனிக்கிழமை 4 பேர். இப்போது கதிரை போதாமல் சீமெந்துத் திண்ணையிலும் இருக்கிறார்கள். ஒரு மேசன் பாஸ் (கைதேர்ந்த கொத்தனார்), வேலை அளவுகளும் விலைகளும் வரும் 80 பக்கத்து பிஓகியூவைக் கையில் தூக்கிப் பார்த்து, "இதைச் சுவருக்குப் பின்னால் போட்டால் ஃபில்லிங்குக்கு மண்ணே தேவையில்லை" என்றார். அளவையாளர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

மார்ச் 2

நுவரெலியாப் பக்கத்து நண்பர் கேட்டது: தண்ணீர் வெளியேற வீப் ஹோல் (சுவரில் வைக்கும் குழாய்) வைத்தும் சுவர் ஏன் வயிறு தள்ளுகிறது?

இதற்கு நான் என் சொந்தச் சுவரைத்தான் சொல்ல வேண்டும். 2013. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் 10 அடி உயரக் கருங்கல் சுவர். சிமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து கலவை. படத்தில் போட்டபடியே 75 மில்லிமீட்டர் குழாய், ஐந்தடிக்கு ஒன்று, ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை மாறி மாறி. எல்லாம் சரி. சுவருக்குப் பின்னால் மட்டும் தோண்டி எடுத்த அதே களி மண்ணைப் போட்டு மிதித்து நிரப்பினேன். சல்லிக்கல் ஒரு கியூப் வாங்கினால் காசு, அதுவும் தலைச்சுமையில்தான் கொண்டு வர வேண்டும், பாதை இல்லை.

ஜூன் மாதம் பெருமழை. இரண்டாம் நாள் போய்ப் பார்த்தேன். ஒரு குழாயிலும் தண்ணீர் வரவில்லை. எனக்குச் சந்தோஷம். பின்னால் தண்ணீரே இல்லை, சுவர் பத்திரம் என்று நினைத்தேன். அந்த வீட்டுப் பெரியம்மா முக்காடு போட்டுக்கொண்டு என்னோடு நின்றார். கீழ்வரிசைக்குக் கொஞ்சம் மேலே இரண்டு கல்லுக்கு இடையில் ஒரு நூல் மாதிரிப் பழுப்புத் தண்ணீர் கசிவதைக் காட்டி, "இது என்னப்பா, கல்லு அழுவுது" என்றார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். விரலில் களி ஒட்டியது. ஒன்றுமில்லை பெரியம்மா என்றேன்.

மறுநாள் விடியற்காலை 22 அடி நீளம் விழுந்தது. கோழிக்கூடு போனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பக்கத்து அறையில் அன்றைக்கு யாரும் படுக்கவில்லை. விழுந்த துண்டில் ஒரு குழாயை எடுத்துப் பார்த்தேன். உள்ளே களி இட்லி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

குழாயில் தண்ணீர் வந்தால் பயமில்லை. மழை நாளில் வராமல் இருந்தால்தான் பயம். 10 அடிக்குப் பின்னால் தண்ணீர் முட்டி நின்றால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு மூன்று தொன் தள்ளும்.

சுவரை என் காசில் திரும்பக் கட்டினேன். இந்த முறை பின்னால் ஒரு அடி அகலத்துக்கு அடியில் இருந்து தலை வரைக்கும் சல்லிக்கல், அதற்கும் மண்ணுக்கும் நடுவில் வடிகட்டும் துணி, மேலே தண்ணீர் இறங்காமல் ஒரு கான். 2013இல் நான் சங்கத்தில் இருந்தேன், ஆனால் களி மண்ணைப் போடும் முன் ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டிருந்தால் அளவையாளர் ஐயாவே சொல்லியிருப்பார்.

மார்ச் 4

கணக்குப் பிழை. என் சொந்த அக்காவின் மகள் பேராதனையில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள், வாசித்துவிட்டு உடனே போன் எடுத்தாள். "மாமா, மூன்று தொன் இல்லை, நாலரை." உயரத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். 10 அடி என்றால் ஏறக்குறைய 3 மீட்டர். மூன்று மூன்று ஒன்பது, பாதி நாலரை. மீட்டருக்கு நாலரை தொன், அதுவும் தண்ணீர் மட்டும். மண் தள்ளுவது அதற்கு மேல். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு என்றும் சொன்னாள். 20 அடிச் சுவரை 10 அடிச் சுவரின் இரட்டை என்று நினைத்து விலை போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

அவளை ஒரு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9

பழைய தேயிலை மலைகளில் இருக்கும் கல் அடுக்குகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். என் தாத்தா அந்த வேலைதான் செய்தார். சிமெந்து கிடையாது, கல்லைக் கல்லில் கோத்து அடுக்குவது. நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது என்றால் கல்லுக்குக் கல் இடைவெளியில் தண்ணீர் தாராளமாகப் போகிறது, அதனால்தான். அதோடு மலையில் குறுக்காகக் கான் வெட்டி, மழைத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினார்கள். கான் வெட்டுவதும் கான் அள்ளுவதும் அப்போது தனிக் கணக்கு. இப்போது பல தோட்டங்களில் கான் அள்ள ஆள் இல்லை. மேலே கான் மூடிக் கிடந்தால் கீழே நாம் கட்டும் சுவருக்கு எத்தனை குழாய் வைத்தும் என்ன செய்ய? வேலை எடுக்கும் முன் மலைக்கு மேலே ஏறி ஒரு தடவை பாருங்கள். நான் இப்போது அதைச் செய்யாமல் விலை போடுவதில்லை.

மே 18

மழைக்காலம் இங்கே தொடங்கும் நேரம். எங்கள் பக்கத்துக்கு மே முதல் செப்டம்பர், பதுளைப் பக்கத்துக்கு வருடக் கடைசி. போன வாரம் சங்கத்தில் மண்சரிவுப் பயிற்சி நாள் நடந்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், சாயும் தூண், ஊற்று திடீரென்று கலங்குவது, இல்லாவிட்டால் திடீரென்று நின்றுபோவது, இவற்றைக் கண்டால் மில்லிமீட்டர் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

உறுப்பினர் எல்லோருக்கும் ஒரு மழைமானி கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவானது. கலண்டர் அச்சடிக்கும் காசை இந்த வருடம் அதற்குத் திருப்பினார்கள். ஹப்புத்தளைத் தம்பி, உங்கள் கலண்டர் புகார் வீண் போகவில்லை.

பயிற்சியில் மீரியபெத்தைப் பேச்சு வந்தது. 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தைக்குக் கிட்ட லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) மலை மூடிய நாள். அது ஆபத்தான இடம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட இடம். எங்கள் கூட்டத்தில் அந்தப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வேளையில் என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, அந்தப் பேப்பர் இல்லாமல் மலைச்சரிவில் ஒரு அத்திவாரமும் வெட்டாதீங்க" என்றார். மண்சரிவு மதிப்பீட்டு அறிக்கையைச் சொன்னார். பிரதேச சபை அனுமதிக்கு முன் அது வேண்டும். வீட்டுக்காரர் தாமதம் என்று சத்தம் போடுவார், வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்பார். கொடுக்கட்டும்.

ஓகஸ்ட் 3

அரசாங்க வேலை எல்லாம் ஏன் அடை மழையில் நடக்கிறது என்று ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயம். அரசாங்கத்தின் கணக்கு வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது. வருடத் தொடக்கத்தில் ஒதுக்கிய காசு கீழே வந்து, மதிப்பீடு போட்டு, டெண்டர் கூப்பிட்டு, கையெழுத்தாகும்போது ஓகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. டிசம்பருக்குள் முடித்து பில் போட வேண்டும். ஒக்டோபரும் நவம்பரும் மலையகம் முழுக்க மழை. ஈர மண்ணில் அத்திவாரம், தார்ப்பாய்க்குக் கீழே கொங்கிறீட்.

எங்கள் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நல்ல வெயில். அந்த மூன்று மாதமும் பாஸ்மார் வேலை இல்லாமல் கொழும்புக்குப் போகிறார்கள். மண் வேலைகளையாவது முதல் காலாண்டில் கொடுங்கள் என்று சங்கம் மாவட்ட மட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. செய்தி மடலின் முதல் பக்கத்தில் வர வேண்டிய செய்தி, போன மாதம் கடைசிப் பக்கத்தில் வந்தது. முதல் பக்கத்தில் விருந்துப் படம். அதை நான் கூட்டத்தில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

செப்டம்பர் 7

இந்த வாரம் மனசு சரியில்லை. என் தளத்தில் கையாள் தம்பி ஒருவன் சாரத்தில் இருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. பலகை முனையைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். பார்க்க வேண்டியவன் நான். இப்போது கட்டுப் போட்டிருக்கிறது, ஆறு வாரம் என்கிறார்கள்.

சங்கத்தின் கூட்டுக் காப்புறுதியில் இவனையும் சேர்த்திருந்தேன், அதனால் ஆஸ்பத்திரிப் பயணம், சாப்பாடு, கூலி, ஒன்றுக்கும் அவன் அம்மா கையேந்தவில்லை. தனி ஆளாக நான் போய் 9 பேருக்குக் காப்புறுதி கேட்டபோது சொன்ன கட்டணம் கட்டுப்படியாகவில்லை. எல்லா உறுப்பினரின் ஆட்களையும் ஒன்றாகச் சேர்த்தபோதுதான் கட்டக்கூடிய அளவுக்கு இறங்கியது. பெப்ரவரியில் பலன்களைச் சொன்னபோது இதை மறந்தே போனேன். அடிபடும் வரைக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றியும் கேட்கிறார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், நம்முடையது 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 நம்முடையது. நாள் கூலி ஆளுக்கு எதற்கு என்று கேட்கிறவர்கள் தோட்டத்தில் நம் அம்மா அப்பாவுக்கு அந்தக் காசு கடைசிக் காலத்தில் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் மூத்த மேசன் பாஸ், 25 வருடம் கரண்டி பிடித்தவர், படிப்பு ஐந்தாம் வகுப்பு. செய்த வேலையைக் காட்டியே என்விகியூ என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சங்கத்தில் சொல்லி, அரசாங்கத் தொழிற் பயிற்சி நிறுவனமான நைட்டாவின் மதிப்பீட்டுக்கு அனுப்பினோம். தேறிவிட்டார். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போனால் தேநீருக்கு முன் அதைத்தான் காட்டுகிறார்.

ஒக்டோபர் 12

செய்தி மடல் தமிழில் வந்துவிட்டது. நாலு பக்கம். முதல் இதழ்.

ஒரு சொல்லுக்காக இரண்டு சனிக்கிழமை போனது. ரிடென்ஷனுக்குத் தமிழ் என்ன? படித்த ஒருவர் 'தடுத்துவைப்புப் பணம்' என்றார். திண்ணையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொலிஸ் பிடித்து வைத்த காசு மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். நம் ஆட்கள் வாயில் என்ன வருகிறது என்று அக்கா கேட்டார். 'பிடிச்ச காசு' என்றார்கள். கடைசியில் 'பிடிகாசு' என்று அச்சானது. வீப் ஹோலை அப்படியே விட்டோம், எந்தப் பாஸுக்கும் அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

முதல் பக்கத்தில் வரப்போகும் டெண்டர்கள், முடியும் திகதி, பொண்ட் எத்தனை நாள் என்று பெரிய எழுத்தில். இரண்டாம் பக்கத்தில் விலை. மூன்றாம் பக்கத்தில் சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் போடும் படம், பேராதனை மருமகள் வரைந்தது. மஸ்கெலியா பாஸ் அந்த 119ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். "எனக்கு இரண்டு வருடத்துக்கு முன்னே வந்திருக்க வேண்டும்" என்றார். உண்மைதான் அண்ணே.

டிசம்பர் 14

இரண்டு கிழமையாக எழுத முடியவில்லை. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, பிறகு நேரம் இல்லை.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் மழைமானி இரவு ஒன்பது மணிக்கே 100ஐக் காட்டியது. கீழ் லயத்து ஆட்களைக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப் போனோம். சிலர் வரமாட்டோம் என்றார்கள், ஆடு மாடு இருக்கிறது என்றார்கள். மழைமானியை டோர்ச் அடித்துக் காட்டினேன். கோடு தெரிந்ததும் ஒரு தாத்தா எழுந்து போர்வையைச் சுருட்டினார், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். விடியும்போது லயத்துக்குப் பின்னால் மலை இறங்கியிருந்தது. கடைசி மூன்று காம்பராக்கள் இல்லை. ஆட்கள் இருந்தார்கள்.

நாடு முழுக்க 600க்கும் மேல் போய்விட்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை, எந்தப் பெயரைக் கேட்டாலும் யாராவது ஒருவருக்குத் தெரிந்தவர் இருக்கிறார். ரயில் பாதை தொங்குகிறது. இதை எழுதிக்கொண்டு போக எனக்கு முடியாது.

சங்கம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் சிஆர் கொப்பியில் பின்பக்கம் இன்னொரு பட்டியல் இருந்தது: யாரிடம் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்), யாரிடம் டிப்பர், யாரிடம் ஜெனரேட்டர், எந்த ஊரில் நிற்கிறது. போன் வேலை செய்த இடத்தில் நின்று அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மூன்று பெக்கோ அன்றைக்கே இறங்கின. டீசலுக்கு யார் காசு என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்துப் பாதையைத் திறக்க நாலு நாள் ஆனது. மூன்றாம் நாள் வலப்பனைப் பக்கத்துச் சங்கத்தில் இருந்து சிங்களத் தோழர்கள் இரண்டு டிப்பரோடு வந்தார்கள், சோறு பார்சலும் கொண்டு வந்தார்கள்.

2013இல் விழுந்து திரும்பக் கட்டிய கொட்டகலைச் சுவரைப் பார்க்க நேற்றுத்தான் போனேன். நிற்கிறது. எல்லாக் குழாயும் ஓடியிருக்கின்றன, சுவரின் முகத்தில் ஒவ்வொரு குழாய்க்கும் கீழே நீளமாக ஒரு வெளுத்த கோடு. பெரியம்மா போன வருடம் தவறிவிட்டார் என்று மகன் சொன்னார். எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

2026 ஜனவரி 6

ஹப்புத்தளைத் தம்பி தனியாக எழுதியிருக்கிறார். அவர் கட்டிய இரண்டு சுவரில் ஒன்று விழுந்திருக்கிறது, ஒன்று நிற்கிறது. விழுந்ததற்குப் பின்னால் என்ன போட்டார் என்று அவரே சொல்லிவிட்டார். இப்போது திருத்த வேலைகளுக்கு நிறைய டெண்டர் வரும், அவசரம் அவசரமாக வரும், ஒரு பேப்பர் அவர் கைக்கு வந்தும்விட்டது.

தம்பி, உங்கள் பகுதிச் சங்கத்தில் வாசிப்பு தொடங்க இன்னும் கொஞ்சம் நாளாகும், அதற்குக் காத்திருக்க வேண்டாம். 10ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாங்கள் உட்காருகிறோம். ரயில் இல்லை, பஸ்ஸில் காலையிலேயே கிளம்புங்கள், இராத்திரி எங்கள் வீட்டில் தங்கலாம். விலை எதுவும் நிரப்பாமல் அந்தப் பேப்பரை அப்படியே கொண்டு வாருங்கள். விழுந்த சுவரில் ஒரு குழாய்த் துண்டு கிடைத்தால் அதையும் கழுவாமல் எடுத்து வாருங்கள், அளவையாளர் ஐயா பார்க்க வேண்டும் என்கிறார்.